ரிவர்ஸ் விழாத காரும் நம் வீட்டுக் கல்யாணமும்

டேய் வேலு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில் எந்த மாப்பிள்ளையும் நல்லா இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது உன் மேசைமேலேயே கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். காபி ஏதாவது போட்டு வைத்துக்கொண்டு நீயும் உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். நேற்று உன் நைனாவிடம் போனில், கல்யாணத்துக்கு வெள்ளைக் கார் ஒன்று வாடகைக்குப் பேசிவிட்டதாகச் சொன்னாயாம். "அந்த வண்டிய மட்டும் ஆரம்பாக்கத்துப் பொண்ணு வூட்டுக்கு எடுத்துனு வந்துடாதீங்க நைனா" என்றும் சொன்னாயாம். அவர் சரி என்று போனை வைத்துவிட்டு நேராக வாசலுக்குப் போனார். நம் பழைய காரின் முன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்கிறார், வரவில்லை. இரண்டு ஆம்பிளைகள் பேசி முடித்த பேச்சில் நான் தலையிடக்கூடாதுதான். ஆனால் தலையிடாமல் இருந்தால் அது நானா? ஆகவே நேராகவே சொல்கிறேன்: நீ அந்த வண்டியில்தான் மாப்பிள்ளையாகப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. முடிவு உன்னுடையது, கட்டாயமில்லை. ஆனால் நீ கடைசியாகப் பார்த்த வண்டி வேறு, இப்போது வாசலில் நிற்கிற வண்டி வேறு. நடுவில் நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

அந்த வண்டி நம் குப்பத்துக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். இறால் கம்பெனி முதலாளி கம்பெனியை மூடிவிட்டு வெளிநாடு கிளம்பியபோது, நைனாவும் உன் சித்தப்பாவும் என் தம்பி துரையும் சேர்ந்து அதை வாங்கிக்கொண்டார்கள். ஒரே வலைக்குக் கூட்டாளிகள், ஒரே காருக்கும் கூட்டாளிகள் ஆனார்கள். கறுப்பு நிறம், தோல் சீட்டு, கதவை மூடினால் பணக்காரச் சத்தம். முதலாளி உட்கார்ந்த இடத்தில் மறுநாளே துரை நண்டுக் கூடையை உட்காரவைத்தான். அதில் ஒரு நண்டு தப்பித்து சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது ஞாபகம் இருக்கிறதா? பொன்னேரி வரைக்கும் ஏ.சி.யில் சவாரி வந்து, பெட்ரோல் பங்கில் கதவைத் திறந்ததும் முதலாளி மாதிரியே இறங்கி நடந்து போனது. பங்க் பையன் அதற்கு வழிகூட விட்டான்.

வண்டிக்கு வயசாக வயசாக ஒரு கெட்ட பழக்கம் வந்தது. நிற்பது என்று முடிவு செய்தால் பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறை வாசலில்தான் நிற்கும். கிளம்பும்போது ஒரு உதை, நடுவில் ஒரு குலுக்கல், பிறகு கல்லறை வாசலில் மௌனம். அந்த வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்க்க மெட்ராஸிலிருந்து காமிராவோடு வருகிறவர்கள் நம் வண்டியையும் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு கூட்டம் வந்து "இது ரொம்பப் பழைய வண்டியா?" என்று கேட்டது. உன் மாமனுக்குச் சொல்லவா வேண்டும். "டச்சு கவர்னர் உட்டுட்டுப் போனது சார். சாவிய மட்டும் எங்க தாத்தாகிட்ட குட்த்துட்டு கப்பல் ஏறிட்டாரு" என்றான். ஒருத்தன் மட்டும் யோசித்துவிட்டு, "அந்தக் காலத்துல காரு இருந்துச்சாங்க?" என்றான். "இன்னா சார் கேக்குற, கவர்னர் ஆச்சே, அவருக்கு இல்லாமலா?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பாலம் வரைக்கும் தள்ளியும் கொடுத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த நான் கவர்னர் சம்சாரம் மாதிரி கையாட்டிக்கொண்டே வந்தேன்.

இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருந்த காலமும் உண்டு. நிச்சயதார்த்தத்தன்றுதான் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அப்போதே வண்டியில் ரிவர்ஸ் விழுவதில்லை. அது நமக்குப் பழகிப்போன விஷயம். எங்கே நிறுத்தினாலும் முகத்தை ரோட்டைப் பார்த்து நிறுத்துவோம், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஆரம்பாக்கத்தில் உன் சுகுணாவின் பெரியப்பா துண்டை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடி, "உள்ள வாங்க, இன்னும் உள்ள வாங்க" என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே போனார். அவர் மரியாதை முட்டுச்சந்தின் கடைசிச் சுவர் வரைக்கும் நீண்டது. துரையும் மரியாதைக்குக் கட்டுப்பட்டு மூக்கைச் சுவரில் இடிக்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்தினான். தாம்பூலம் மாற்றி, சாப்பிட்டு, எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நமக்கு ஞாபகம் வந்தது. துரை ரிவர்ஸைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறான், மிதிக்கிறான். வண்டி உறுமுகிறதே தவிர நகரவில்லை. தீய்ந்த வாடை அடித்தது. கடைசியில் சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தள்ளினார்கள். "மாப்ள வீட்டு வண்டி முன்னால மட்டும்தான் போகுமாம்பா. கல்யாணத்துல இருந்து பின்வாங்க மாட்டாங்க, நம்பிப் பொண்ணு குடுக்கலாம்" என்று சுகுணாவின் அண்ணன் சொன்னான். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பழவேற்காடு வந்து சேரும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உன் காது சிவந்திருந்ததைப் பின்சீட்டிலிருந்து நான் பார்த்தேன். அதனால்தான் வெள்ளைக் கார். அது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் நீ பார்க்காத ஒன்றும் அன்றைக்கு நடந்தது. இரண்டு நாள் கழித்து சுகுணா எனக்குப் போன் பண்ணினாள். "அத்தை, ரிவர்ஸ் உழுந்துச்சா?" என்றுதான் முதல் கேள்வி. இல்லையம்மா என்றேன். "பரவால்ல அத்தை. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அன்னிக்கு நானும் தள்ளுனேன். பெரியம்மா பின்னால நின்னு தள்ளுனதால யாருக்கும் தெரியல. பட்டுப்புடவைல கிரீஸ் ஆயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். சொல்லாதே என்றுதான் சொன்னாள். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

அந்தப் போனுக்குப் பிறகுதான் வண்டியைச் சரிபண்ணாமல் விடுவதில்லை என்று எனக்கு வீம்பு வந்தது. பழவேற்காட்டு கபூர் பாய், பொன்னேரி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறாரே, அவரிடம் விட்டோம். பாய்க்கு வாய் ஜாஸ்தி. வண்டியைச் சுற்றிவந்து, பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி, "இஞ்சின் தாங்குற ரப்பர் போயிட்ச்சு, மாத்துனா பூ மாதிரி போவும்" என்றார். மாற்றினார். வண்டி பழைய மாதிரியே உதைத்தது. அடுத்து "கியர்பாக்ஸே காலி, முழுசா வேற போடணும்" என்று சொல்லி எங்கிருந்தோ பழைய கியர்பாக்ஸ் ஒன்றை வரவழைத்தார். அது வேறு மாடலுக்கு உண்டானது. உட்காரவே மாட்டேன் என்றது. பாய் அதை மூலையில் கவிழ்த்துப் போட்டு, இப்போது அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார். சித்தப்பா பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிடலாம் என்றார். நைனா எழுந்துபோய் வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் துடைக்க ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

பட்டறையில் உட்கார்ந்து மூன்று பேரும் பாயிடம் சொன்ன புகாரைக் கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நைனா, கிளம்பும்போது உதைக்கிறது என்றார். சித்தப்பா, ஓடும்போது கியர் மாறத் தெரியாமல் தடுமாறுகிறது என்றார். துரை, இரண்டும் இல்லை, ரிவர்ஸ் ஒன்றுதான் கோளாறு என்றான். ஒரே வண்டிக்கு மூன்று வியாதி, அதுவும் ஆளுக்கு ஒன்று. "பாய், வண்டிய அப்புறம் பாருங்க. மொதல்ல இவங்க மூணு பேர் பக்கத்துலயும் ஒரொரு நாள் உக்காந்துனு போய்ட்டு வாங்க" என்றேன். "இன்னாக்கா, நான் மெக்கானிக்கா, ஜோசியனா?" என்று சலித்துக்கொண்டார். ஆனால் போனார்.

மூன்றாவது நாள் வந்தவர் என் எதிரில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று சிரித்தார். "அக்கா, உங்க வூட்ல வண்டி ஓட்டல, வித விதமா வித்தை காட்றாங்க. அண்ணன் படகு இஞ்சின்னு நெனச்சினு எடுத்த எடுப்புல முறுக்குறாரு. சின்னவரு டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு எறக்கத்துல எல்லாம் நியூட்ரல் போட்டு, ஓடுறப்பவே திருப்பிக் கியர்ல போடுறாரு. உங்க தம்பி சுத்தம், உழாதுன்னு தெரிஞ்சும் வண்டி நிக்கிறதுக்குள்ளயே முன்கியர்ல இருந்து ரிவர்ஸ், ரிவர்ஸ்ல இருந்து முன்கியர். இது ஆட்டோமேட்டிக் வண்டிக்கா. ஓட்றவன் காலப் பாத்துப் பாத்துக் கத்துக்கும். அதுக்குத் தக்க தானே கியர மாத்தும். இன்னிக்கு அண்ணங்கிட்ட கத்துக்கினத நாளைக்கு சின்னவரு அழிச்சுட்றாரு. பைத்தியம் புடிக்காம இன்னா பண்ணும்?"

இந்த இடத்தில் நம் ஊர்ப் பாடு முறையை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். நீ வேலை பார்க்கிற கோயம்புத்தூர்க் காற்று குளுகுளு என்று அடித்தால் ஏரி மறந்துபோகும். ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் யாருக்கும் சொந்தமில்லை. சீட்டுக் குலுக்கி முறை போட்டு, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று வலை கட்டுகிறோம். அதுதான் பாடு. சண்டை வராமல் குப்பங்கள் பிழைத்திருப்பது அதனால்தான். காரை வாங்கியபோது மூன்று பேரும் தயங்காமல் அதற்கும் பாடு போட்டார்கள். இன்றைக்கு நைனா பாடு, நாளைக்கு சித்தப்பா பாடு, அதற்கடுத்து துரை பாடு. நாங்களும் எவ்வளவு நியாயமான குடும்பம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். ஆனால் பாடு முறையில் அவனவன் வலையை அவனவன் பார்த்துக்கொள்வான். தண்ணீரை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, தண்ணீர் தானே வரும். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அது தெரியாதே. வெளியே தெரிகிற இஞ்சின் ஆயிலை மூன்று பேரும் அவரவர் முறையில் ஊற்றி வழியவிட்டிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஆயிலை அடுத்தவன் பார்ப்பான் என்று ஒருத்தரும் இத்தனை வருஷமாகத் தொடவில்லை. அந்த ஆயிலைக் குளிரவைக்கப் போகிற குழாய் ஏரி ஓரத்து உப்பில் அரித்து, கசிந்து கசிந்து, உள்ளே பாதிகூட இல்லை. ரிவர்ஸ் விழாததற்கு அதுதான் காரணம் என்றார் பாய்.

பாய் புதுக் குழாய் போட்டார். ஆயில், பில்டர் எல்லாம் மாற்றினார். கிளம்பும்போது உதைத்ததற்கு இன்னொரு காரணமும் அகப்பட்டது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு நீளமாக ஓடுகிற ஷாஃப்டில் ஒரு ரப்பர் வட்டு கிழிந்து தொங்கியது. அதைக் காட்டி "இதான்க்கா புரொப்பல்லர் ஷாஃப்ட்" என்றார். உன் நைனா அப்படியே மல்லாந்து வண்டிக்கு அடியில் படுத்து, ரொம்ப நேரம் தேடிவிட்டு, "ஷாஃப்ட் கீது, புரொப்பல்லர் எங்கப்பா?" என்றார். பாய்க்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு கம்ப்யூட்டரை மாட்டி, அந்தக் கியர்பாக்ஸ் இத்தனை நாளாகக் கற்றுக்கொண்ட மூன்று பேர் வித்தையையும் அழித்தார். ரிவர்ஸ் போட்டார். வேலு, வண்டி பின்னால் போனது. பட்டறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். உன் நைனா சக்கரத்தோடு சக்கரமாகப் பின்னாலேயே நடந்து போனார், குழந்தை நடை பழகும்போது கூடவே போவோமே, அந்த மாதிரி.

ஆனால் பாய் ஒரு நிபந்தனை போட்டார். அது மறுபடி கற்றுக்கொள்ளும்வரை, கல்யாணம் முடிகிற மட்டும், ஒரே ஆள்தான் ஓட்டவேண்டும். யார் அந்த ஆள்? மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்துகொண்டார்கள். சரி, பாடு முறைக்குச் சீட்டுப் போடுவது மாதிரி இதற்கும் போடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். சொம்பில் போட்டுக் குலுக்கினேன். சித்தப்பா எடுத்தார், பிரித்தார், முழித்தார். சீட்டில் என் பெயர். "அண்ணி, உங்குளுக்கு ஓட்டத் தெரியாதே" என்றார். மகளிர் குழுக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வாராவாரம் பொன்னேரிக்குப் போனேனே, அது டிரைவிங் ஸ்கூல் என்று லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். துரை சொம்பைக் கவிழ்த்து மற்ற சீட்டுகளையும் பிரித்தான். எல்லாச் சீட்டிலும் என் பெயரையே எழுதிவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். பச்சைப் பொய். ஒரு சீட்டில் அவன் பெயர் இருந்தது. "ஏரில இப்படிப் பண்ணா தண்டம் போட்டுருவாங்க, தெரியும்ல?" என்று நைனா என்னைப் பார்த்தார். "ஏரில பண்ணல, கார்லதானே பண்ணேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் தண்டம் போட முடியாது.

அன்றைக்கே மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி வரை ஓட்டினேன். முதல் கொஞ்ச தூரம் வண்டியும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தது. இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவில் ஒரு சின்ன நடுக்கம். அது இன்னும் முழுசாகப் போகவில்லை. காலையில் எடுத்தவுடன் இருக்கும், சூடானதும் அடங்கிவிடும். நான் அவசரப்படுத்தவில்லை. கல்லறை வாசல் வந்தது. மூன்று ஆம்பிளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி நிற்காமல் போனது. துரை மட்டும் திரும்பிப் பார்த்து, "கவர்னருக்கு வணக்கம் சொல்லாமப் போறமே அக்கா" என்றான்.

கல்யாணமாகப்போகிற பிள்ளைக்கு நாலு நல்லது சொல்லவேண்டும் என்று எல்லாரும் என்னை நச்சரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். உன் வீட்டில் ஒரு வேலை யாருடைய பாடு என்று தெரியாவிட்டால் அவளுடையது என்று நினைக்காதே, வாய்விட்டுக் கேள். நானும் உன் நைனாவும் கேட்காமல் விட்ட ஆயில்கள் நிறைய. கோபத்திலிருந்து சமாதானத்துக்குப் போகும்போது நடுவில் வண்டி முழுசாக நிற்கட்டும், உன் மாமன் மாதிரி ஓடுகிற ஓட்டத்திலேயே கியரைத் திருப்பாதே, உள்ளே பல் உடையும். மாட்டிக்கொண்ட இடத்தில் உறுமினால் வாடைதான் வரும். அப்புறம், அவள் தினம் உன்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பாள், நீயும் அவளை. இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி மிதித்துவிட்டு, ஏன் உதைக்கிறாய் என்று அவளைக் கேட்காதே. முக்கியமாக, முட்டுச்சந்தில் சிக்கியபோது பட்டுப்புடவையோடு பின்னால் நின்று தள்ளியவள் அவள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தே தள்ளினாள். நீ வெட்கப்பட்ட அதே நிமிஷத்தில் அவளுக்கு ஜாலியாக இருந்திருக்கிறது. இதைவிட நல்ல பொண்ணை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது. நல்லவேளை, நீயே தேடிக்கொண்டாய்.

வெள்ளைக் காரை வேண்டாம் என்று சொல்லவேண்டாம். அதில் சித்தப்பா குடும்பம் வரட்டும், அவருக்கும் ஏ.சி. பிடிக்கும். நீ இந்த வண்டியில் முன்சீட்டில் உட்கார், பின்னால் நைனாவும் துரையும். ஆரம்பாக்கத்தில் அந்தப் பெரியப்பா மறுபடியும் துண்டை ஆட்டிக்கொண்டு ஓடிவருவார். "இன்னும் உள்ள வாங்க" என்பார். நான் கடைசிச் சுவர் வரைக்கும் உள்ளே போவேன். தாலி கட்டி, சாப்பிட்டு, பெண்ணையும் ஏற்றிக்கொண்ட பிறகு, தள்ளுவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்களே அவர்கள் எல்லாரும், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சந்து முழுக்கப் பின்னால் எடுப்பேன். அந்த முகங்களை உனக்குக் காட்டவேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம்.

அப்படியும் வேண்டாம் என்று தோன்றினால் சொல், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதை நேரில் சொல். வெள்ளிக்கிழமை நீ பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி, பையைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நில். கறுப்பு வண்டி ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே உன்னை நோக்கி வரும். பயந்து ஓடிவிடாதே. பின் கண்ணாடியை உன் நைனா துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். எனக்கு உன் முகம் நன்றாகத் தெரியும்.

அம்மா